பளிங்குக்குக் கீழே ஒரு மூடி

சுத்தம் என்றால் எனக்கு உயிர். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவில் யாராவது காகிதம் போட்டால் நானே குனிந்து எடுப்பேன். நாலு பேர் பார்க்கும்வரை காத்திருந்து எடுப்பேன். சும்மாவா என்னைச் சங்கத் தலைவராக்கினார்கள்?

எங்கள் ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஆய்வாளர் ஐயா. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் உண்டு. கட்டியெல்லாம் தொட்டியிலேயே தங்க வேண்டும். தெளிந்த தண்ணீர் மட்டும் தெருவின் பொதுக்குழாய்க்குப் போகும். குழாய் ஒல்லி. அதனால் தொட்டி நிறைவதற்குள் லாரியை வரவழைத்து உறிஞ்சிவிட வேண்டும். இந்த விதியை எழுதிப் பலகையில் மாட்டியவனே நான்தான்.

என் வீட்டில் ஒரு சின்னச் சிக்கல். மகள் கல்யாணத்துக்காக முகப்பில் வெளிநாட்டுப் பளிங்கு பதித்தோம். தொட்டியின் மூடி அதற்கடியில் போய்விட்டது. இனி திறந்தால் கல் உடையும். கொத்தனார் தலையைச் சொறிந்தார். நான்தான் வழி சொன்னேன்: மூடுவதற்கு முன், கட்டி வெளியே போகாமல் தடுக்கும் குழாயைக் கழற்றிவிடு. எல்லாம் தண்ணீரோடு போய்விடும், தொட்டி நிறையவே நிறையாது.

போயிற்று. தெருக்கோடிப் பள்ளத்தில் இருக்கும் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிற்று. பொதுக்குழாய் அங்கே அடைத்துக்கொண்டு அவர்கள் தொட்டிக்குள் எதிர்த்துப் பாய்ந்தது. லாரி உறிஞ்சிவிட்டுப் போன ஈரம் காய்வதற்குள் மறுபடி நிறைந்தது. குளியலறையில் மிதந்ததாம்.

சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள். "வீட்ல நாங்க ரெண்டே பேரு. எங்க தொட்டி மட்டும் எப்படிங்க நிறையும்?"

"தினம் விருந்து வைக்கிறீங்களோ என்னமோ" என்றேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "விதி எழுதி மாட்டத் தெரியுது. தன் வீட்டு மூடி எங்க இருக்குன்னு தலைவருக்குத் தெரியுமா? முதல்ல அதைத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வராது, ஐயா. அன்று வந்தது. ஒரு தையல்காரி, நாலு பேர் முன்னால், என்னைக் கேட்டுவிட்டாள். இன்றைக்கும் நெஞ்சுக்குள் எரிகிறது.

மறுநாள் காலை அவள் புருஷன், பேருந்து ஓட்டுநர், என் வீட்டுக்கு வந்தார். பளிங்கை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"அண்ணே, அவ பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. லாரிக்காரன் இனி வர முடியாதுங்கறான். நானே உள்ள இறங்கி, எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பார்த்துடறேன்."

தொட்டிக்குள் இருப்பது விஷக்காற்று என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிச் சங்கத்தில் உரையே ஆற்றியிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஒரு வார்த்தை போதும். சொன்னால் பளிங்கை உடைக்க வேண்டும். உடைப்பதை அவள் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"உங்க வீடு, உங்க தொட்டி. தாராளமாப் பாருங்க" என்றேன்.

இறங்கினார். ஏறவில்லை. அவள் போட்ட சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தேதான் அனுப்பினேன், சாகத்தான் அனுப்பினேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கறை இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாசல் தாண்டியவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "உள்ள வழுக்கும் தம்பி, பார்த்து இறங்குங்க" என்று சொல்லித்தானே அனுப்பினேன்.