படத்துல இருக்கிற ஜோடி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இது எல்லாருக்கும் பொதுவான இடம், நான் ஒண்ணும் துண்டு போட்டு வைக்கல. வாசல்ல போர்டே வச்சிருக்காங்களே, அனைவரும் வருகன்னு. டிஃபன் பாக்ஸை மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கிட்டே வைங்க, இந்த பெஞ்சு முன்பக்கமா சரிஞ்சிருக்கும். தெரியாம நடந்ததில்ல. ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்பே எந்திரின்னு சொல்லணும்னு அளவெடுத்து செஞ்சிருக்காங்க. நேத்து நீங்க கவனிக்கலையா? ஆமா, நேத்து பேச்சு சுவாரசியத்துல இருந்தீங்க. கூட வந்த பொண்ணு எங்க, இன்னைக்குக் காணோம்? கையில ஏதோ வேலையா? முடிச்சுட்டு இறங்கி வர்றாங்களா? சரி சரி. சும்மா கேட்டேன். நீங்க சாப்பிடுங்க.

நானா? தினமும் வர்றவன்தான். கழுத்துல அட்டை தொங்குதே, அதனால நீங்க மேல ஆபீஸ்னு எனக்குத் தெரியும். எனக்கு அட்டையெல்லாம் கெடையாது. செருப்புக் கடையில சேல்ஸ்மேனா இருந்தவன். வாழ்நாள் பூரா அடுத்தவங்க கால்கிட்ட குந்தி உக்காந்தே முட்டி தேஞ்சு போச்சு. உங்க ஷூ ஒரு சைஸ் சின்னது தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, பழக்கதோஷம். அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டிருக்காங்களே, நீலப் புடவை, அவங்கதான் நம்ம வீட்டம்மா. அந்தக் குழாய்ல தண்ணி வர்றதுக்குள்ள நாம ஊர்க்கதையே பேசி முடிச்சுடலாம்.

இந்த முற்றம் எப்படி வந்துச்சு தெரியுமா? தெரியாதா? லிஃப்ட் பக்கத்துல கண்ணாடி போட்டு ஒரு பெரிய படம் மாட்டியிருக்கே, பாத்திருப்பீங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பம். இந்தக் காம்ப்ளெக்ஸ் ஓனருக்கு மேல ரெண்டு மாடி அதிகமா வேணும். மாநகராட்சியில என்ன சொன்னாங்க, சரி கட்டிக்கோ, ஆனா கீழ நடு இடத்தை ஜனங்களுக்கு விட்டுடணும், ஜனங்க நெஜமாவே வந்து பொழங்கணும், நாங்க ஆள் அனுப்பிப் பாப்போம்னு சொல்லிட்டாங்க. உடனே ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வந்து படம் வரைஞ்சு குடுத்தாங்க. மரம், தண்ணித்தொட்டி, குழந்தையை வண்டியில தள்ளிட்டுப் போற ஒரு அம்மா, செஸ் ஆடுற ரெண்டு பேரு, புஸ்தகம் படிக்கிற பொண்ணு, பெஞ்சுல உக்காந்து சிரிக்கிற ஒரு வயசான ஜோடி. எங்க பாத்தாலும் ஒரே சந்தோஷம். அப்படி ஒரு ஊர் இருந்தா நானே முதல் ஆளா குடிபோயிடுவேன்.

மாடி வந்துச்சு, முற்றமும் வந்துச்சு. கூடவே போர்டும் வந்துச்சு. படுக்கக் கூடாது, ஓடக் கூடாது, கூட்டமா நிக்கக் கூடாது, சத்தமா சிரிக்கக் கூடாது, பந்து கூடாது, நாய் கூடாது, கட்டுச்சோறு கூடாது. எல்லாத்துக்கும் கீழ, மகிழ்ச்சியாக இருங்கள்னு போட்டிருந்தாங்க. யாரு வருவா? காலையில செக்யூரிட்டி வந்து நிப்பாரு, சாயங்காலம் செக்யூரிட்டி போவாரு. புறாகூட வாசல்லயே எட்டிப் பாத்துட்டுத் திரும்பிடும்.

அப்பதான் மாநகராட்சியிலேந்து ஒரு ஆபீசர் வந்தாரு. சுத்திப் பாத்தாரு. தண்ணித்தொட்டியைப் பாத்தாரு, மரத்தைத் தொட்டுப் பாத்தாரு. எல்லாம் அருமையா இருக்கு, ஜனம் எங்கன்னு கேட்டாரு. மேனேஜருக்கு முகம் செத்துப் போச்சு. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா மேல ரெண்டு மாடியைப் பூட்டி சீல் வச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? போர்டை எடுத்திருப்பீங்களா? பெஞ்சை நிமித்தியிருப்பீங்களா? அதான் நீங்க இன்னும் மேனேஜர் ஆகல. அந்த மனுஷன் நேரா லிஃப்ட் பக்கம் போயி அந்தப் படத்தைப் பாத்தாரு. படத்துல யார் யாரு இருக்காங்களோ அப்படியே ஆள் எடுத்தாரு. சம்பளத்துக்குத்தான் தம்பி. சட்டைக் கலர்கூட மாறல. செஸ் ஆடுறதுக்கு வந்த ரெண்டு பேருக்கும் செஸ் தெரியாது. ஆளுக்கொரு காயை நகத்திட்டு தாடையைத் தடவணும், அதான் வேலை. தள்ளுவண்டிக்கு ஒரு அம்மா கெடைச்சாங்க, வண்டி கெடைச்சுது, குழந்தைக்கு எங்க போறது? தலகாணிக்குத் துணியைச் சுத்தி படுக்க வச்சாங்க. அந்தம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்ல, யாராவது கிட்ட வந்தா, ஷ்ஷ், இப்பதான் தூங்கினான்னு வெரட்டிடுவாங்க.

இதுல கூத்து என்னன்னா, ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. காலேஜ் பசங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. பாருங்க, ஜனங்க எப்படி இந்த இடத்தைத் தன்னோடதா எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லும்போது அவங்களுக்குக் குரலே உடைஞ்சு போச்சு. தலகாணியைக் குனிஞ்சு பாத்துட்டு, எவ்வளவு சமத்தான குழந்தைன்னு சொன்னாங்க. பாவம், நல்ல மனசு. நான் அந்தம்மாவைக் கேலி பண்ணல. அவங்க வரைஞ்ச படத்துல ஒரு தப்பும் இல்ல.

அப்புறம் என்ன? மனுஷனைப் பாத்துத்தானே மனுஷன் வருவான். நாலு பேரு உக்காந்திருக்கிறதைப் பாத்து அஞ்சாவது ஆள் வந்து உக்காந்தாரு. செஸ் ஆடுறதைப் பாத்து நெஜமாவே ஆடத் தெரிஞ்சவங்க வந்தாங்க, என்னய்யா ரெண்டு ராஜாவும் கீழ விழுந்து கெடக்கு, இன்னும் எதுக்கு ஆடுறீங்கன்னு கேட்டாங்க. நெஜக் குழந்தைங்க வந்துச்சு, அதுங்களுக்கு போர்டு படிக்கத் தெரியாது, ஓடி ஆடிச்சுதுங்க. செக்யூரிட்டியும் கட்டுச்சோத்தைப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்க ஆரம்பிச்சுட்டாரு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மேனேஜரும் சந்தோஷப்பட்டாரு, எப்படின்னா, தானா ஒரு ஆள் வந்தா சம்பள ஆள் ஒருத்தருக்குச் சீட்டைக் கிழிச்சாரு. ஒரு தாத்தா நெஜ தள்ளுவண்டியோட வந்த அன்னைக்கே தலகாணி அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் செஸ்காரங்க. அப்புறம் புஸ்தகப் பொண்ணு, படிக்கிறதாவே இருந்து இருந்து நெஜமாவே படிச்சு, ஏதோ பரீட்சை எழுதப் போயிடுச்சு.

படத்துல மிச்சம் யாரு? அதேதான். பெஞ்சுல உக்காந்திருக்கிற ஜோடி.

ஆமா தம்பி, நாங்கதான். நம்ம வீட்டம்மான்னு சொன்னேன்ல, காலையில கடை தொறந்ததுலேந்து சாயங்காலம் விளக்கு போடுற வரைக்கும் நம்ம வீட்டம்மா. அப்புறம் அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடுவாங்க, நான் என் ரூமுக்குப் போயிடுவேன். எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு அமையல. வேலைக்கு எடுக்கும்போது மேனேஜர் கேட்டதே ஒரு கேள்விதான், சும்மா உக்காருவீங்களா? குந்தியே பழகினவனுக்கு உக்காரச் சொன்னா கசக்குமா? உக்காந்தேன். பக்கத்துல இவங்க. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தவங்க, இப்பவும் நான் வாயைத் தொறந்தா சொல்லுங்கன்னுதான் ஆரம்பிப்பாங்க. சண்டை போடக் கூடாதுன்னு மேனேஜர் கண்டிஷன் போட்டாரு. சண்டையே போடலன்னா எங்களைப் புருஷன் பொண்டாட்டின்னு எந்த ஆபீசர் நம்புவாரு சார்னு கேட்டுட்டாங்க இவங்க. மனுஷன் யோசிச்சுட்டு, லேசா போட்டுக்கோங்கன்னுட்டாரு. அன்னைலேந்து தினம் லேசா போடுறோம். மருந்து சாப்பிட்டீங்களாங்கிறதுல ஆரம்பிக்கும்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிக்க வேண்டியதுதான். கேளுங்க, முக்கியமானதே இனிமேதான். நேத்து நீங்களும் அந்தப் பொண்ணும் இங்க உக்காந்து பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்கல்ல, மேனேஜர் அங்க மாடிப்படி வளைவுல நின்னு ஃபோன்ல படம் எடுத்தாரு. கீழ வந்து என்கிட்ட, பரவாயில்லையே பெரியவரே, பொம்பளைங்களும் தானா வர ஆரம்பிச்சுட்டாங்கன்னாரு. இந்த முற்றத்துல ஆம்பளைங்களுக்குப் பஞ்சமே இல்ல தம்பி, ரிட்டயர்டு ஆனவன், ஆகப் போறவன், எல்லாரும் தானா வந்து குமியுறாங்க. பொம்பளைங்கதான் வர்றதில்ல. வந்தாலும் கடைக்கு வந்த பையோட நின்ன வாக்குல போயிடுவாங்க. எல்லாருக்கும் பொதுவான இடம், சரி, அவங்க வந்து உக்காந்தா அடுப்பை யாரு பாக்குறது? அதனாலதான் நம்ம வீட்டம்மாவை மட்டும் இன்னும் சம்பளத்துல வச்சிருக்காரு. தினமும் பொம்பளைங்க தானா வந்து உக்காந்தா இவங்க எதுக்கு?

அது நல்லதுதானேன்னு கேக்குறீங்க. உங்ககூட வந்த பொண்ணு உக்காரட்டும், ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் உக்காரட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இவங்க உக்கார முடியாது தம்பி. காத்து வாங்கிட்டு வர்றேன், நாலு பேர்கிட்ட பேசிட்டு வர்றேன்னு சொன்னா மக வீட்டுல யாரு விடுவாங்க? பேரனை யாரு பாக்குறது, துணி யாரு மடிக்கிறதுன்னு கேப்பாங்க. வேலைக்குப் போறேன்னு சொல்றதாலதான் வாயை மூடிக்கிட்டு அனுப்புறாங்க. இந்த வேலை போச்சுன்னா மறுநாள்லேந்து இவங்க வாசப்படி தாண்ட முடியாது.

அதனால நீங்க வாங்க, தாராளமா வாங்க, ஆம்பளை வந்தா ஒரு கணக்கும் மாறாது. அந்தப் பொண்ணை மட்டும் இங்க கூட்டிட்டு வராதீங்க. மொட்டை மாடியில நல்லா நெழல் விழும், பெஞ்சும் நேரா இருக்கும். இறங்கறதுக்குள்ள ஒரு ஃபோன் போட்டு மேலயே இருக்கச் சொல்லிடுங்க. கேக்கக் கூடாததைத்தான் கேக்குறேன், தெரியுது.

என் வேலையா? ஐயோ, இல்ல தம்பி, எனக்காகக் கேக்கல. எனக்குச் சீட்டு கிழிச்சு ரொம்ப நாளாச்சு. ஆம்பளைங்கதான் தானா வர்றாங்களே, உங்களுக்கு எதுக்கு சம்பளம்னுட்டாரு. இப்ப நானும் தானா வர்றவன்தான். மெதுவா பேசுங்க, தண்ணியோட வந்துக்கிட்டிருக்காங்க. இவங்களுக்கு இது தெரியாது, நான் இன்னும் வேலைக்குத்தான் வர்றேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. தெரிஞ்சுதுன்னா, அப்ப எதுக்கு தினமும் வர்றீங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?