விமானத்துக்காக விழப்போகும் முதிரைகள்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நாளை மரநடுகை விழாவில் நான் பேச வேண்டும். அதற்கு விமலேஸ்வரி ரீச்சர் திருத்தித் தந்த பேச்சு வேறு. அதில் மழை இருக்கிறது, நிழல் இருக்கிறது, எங்கள் வீடு மட்டும் இல்லை. இது நான் உண்மையில் பேச நினைக்கிற பேச்சு. மேடையில் வாய் திறக்குமோ தெரியாது. எல்லாரும் படுத்த பிறகு, முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் பாடசாலை அதிபர் அவர்களே, எழுத்தையும் எண்ணத்தையும் எனக்கு ஏற்றிவைத்த விமலேஸ்வரி ரீச்சர் அவர்களே, காட்டைக் கழனியாக்கிய கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஒரு காதை எனக்கும் மறு காதை வானத்துக்கும் கொடுத்திருக்கும் தாய்மார்களே, என்னைப் 'பிளேன்காரி' என்று கூப்பிடும் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் கைகளைக் கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

மரங்களைக் காப்போம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மரத்தைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கேள்வி நியாயமானது. நான் மரத்தை நேசிக்கிறேன். அதைவிட ஒரு படி கூடவே விமானத்தை நேசிக்கிறேன். வடக்கேயிருந்து கொழும்புக்குப் பறக்கும் பயணிகள் விமானத்தைக் கண்டால், சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடியவள் நான். அது முகிலுக்குள் மறையும்வரை கை காட்டியவள் நான். யன்னலோரம் இருக்கும் யாரோ ஒருவர் திருப்பிக் கை காட்டுவார் என்று நம்பியவளும் நான்தான்.

என் கூட்டாளி ஜொஹறா ஒருநாள் வகுப்பில் என்னை மடக்கினாள். "அடியே பிளேன்காரி, நீ ஒருக்கா ஏறிப் பறக்க அது குடிக்கிற எண்ணெயில எங்கட ஊர் உழவு மெசின் எல்லாம் ஒரு போகம் உழும். பிறகு நீ மரம் நடுங்கோ எண்டு எங்களுக்குப் புத்தி சொல்லுவியோ?"

"அதுக்குத்தான் இப்பவே நடந்து திரியிறன்," என்றேன். "அந்தக் கணக்கில கழிச்சு விடன்."

சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். வானத்தை நேசிப்பதும் வனத்தை நேசிப்பதும் எனக்கு ஒரு விளையாட்டுச் சண்டையாக இருந்த காலம் அது. இன்று அந்தச் சண்டை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதில் இன்று சிரிப்பு இல்லை.

சபையோரே, நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். அப்பா சுடலைமுத்துவும் அம்மா அழகம்மாவும் அண்ணா சிவராசாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தார்கள். தங்கச்சி இங்கேதான் பிறந்தாள். எங்களைப் போல வந்த குடும்பங்கள் காட்டை வெட்டின, கட்டையைப் பிடுங்கின, மண்ணைக் கொத்தின. ஆனால் எங்கள் கொட்டில் வீடுகளுக்கு மேலே கிளை விரித்து நின்ற முதிரை மரங்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அன்று அவை வெயிலை மறைத்தன. இன்று எங்களை மறைக்கின்றன.

யாரிடமிருந்து என்று நான் சொல்ல வேண்டுமா? தாய்மார்களே, உங்கள் கண்களே மேலே போகின்றன.

சென்ற மாரி முடிந்து வெள்ளாமை முற்றிய நேரம். ஆமிக்காரரின் ஹெலிகொப்டர், அந்த ஹெலி வந்தது. அதற்கும் பயணிகள் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாத என் தங்கச்சி வெட்டைவெளிக்கு ஓடிப் போய்க் கை காட்டினாள். வானத்தில் பறப்பதைக் கண்டால் கை காட்ட வேண்டும் என்று பழக்கியது யார்? அம்மா ஓடிப்போய் அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து முதிரைக்குக் கீழே போட்டு, மேலே தானும் விழுந்தா. வரம்பு நெடுகத் துப்பாக்கிச் சூடு விழுந்தது. அமராவதி மாமியின் பசு விழுந்தது. ஹெலி எங்கள் கொட்டில்களுக்கு மேலே வட்டமிட்டது. வட்டமிட்டது, வட்டமிட்டது, இலையைத் தவிர ஒன்றையும் காணாமல் போய்விட்டது. அம்மா எழும்பி முதலில் தங்கச்சியை அடித்தா. பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதா.

அந்த மரங்களில் இப்போது சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது.

ஏன்? அண்ணா விமானம் ஏற வேண்டும். அண்ணாவோடு படித்த செல்வராசாவை ஓமந்தைக்குக் கிட்ட ஆமிக்காரர் பஸ்சிலிருந்து இறக்கினார்கள். அவன் இன்னும் வீடு வரவில்லை. அதே பஸ்சில்தான் அண்ணாவும் இருந்தான். ஒரு கிழவியின் மூட்டையை மடியில் வைத்துக் குனிந்து இருந்ததால் தப்பினான். அடுத்த முறை எந்த மூட்டை அவனைக் காப்பாற்றும்? ஜெர்மனிக்கு அனுப்புகிறோம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பயணச்சீட்டுக்கு எங்களிடம் விற்க என்ன இருக்கிறது? வயல் அரசாங்கக் காணி. மாடு ஒன்று, கிழடு. மிச்சம் முதிரைதான்.

மர வியாபாரி ஹமீட் நானா வந்து ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கொன்று அங்கொன்றாகத் தறித்து மறைப்பைக் காப்பாற்றலாமா என்று அவரே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் மரக்குற்றிகளை றோட்டுக்கு இழுக்க ஆள் இல்லை, ஒரே இடத்தில் கிடந்தால்தான் லொறி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். விழா முடிந்த மறுநாளே மரம் அறுக்கும் வாள்காரர் வருகிறார்கள்.

அன்று அம்மா சோறு போடவில்லை. "ஒருத்தன அனுப்பிப்புட்டு மத்தப் புள்ளைகள வெட்டவெளியில விடச் சொல்றீங்களா?" என்று அப்பாவைக் கேட்டா.

அப்பா வாசலில் நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மரம் வெட்டுனா தழைக்கும், அழகம்மா. அவன வெட்டுனா தழைப்பானா?"

பெரியோர்களே, இந்த இருவரில் யார் பிழை என்று சொல்லுங்கள் பார்ப்போம். தாய்மார்களே, நீங்களாவது சொல்லுங்கள். அண்ணா எழும்பி, தனக்கு ஒரு விமானமும் வேண்டாம் என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏறினால் அண்ணா பிழைப்பான், எங்கள் கூரை திறக்கும். ஏறாவிட்டால் கூரை மூடியிருக்கும், அண்ணா எந்தச் சந்தியில் இறக்கப்படுவான்? பறக்கிறவனுக்காக இருக்கிறவர்கள் நிழலை இழப்பதா? நிழலுக்காகப் பறக்க வேண்டியவனைப் பறிகொடுப்பதா? ஜொஹறா கேட்ட கணக்கு இதுதான். அன்று நான் பகிடியாகக் கழித்துவிட்டேன். இன்று கழிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று யோசித்தேன். யோசித்து யோசித்து, எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் நின்று மேலே பார்த்தேன். நெருங்கி நிற்கிற இடத்தில் ஒரு மரம் போனால் பக்கத்து மரத்தின் கிளைகள் அந்த இடைவெளியை மூடிக்கொள்கின்றன. கூட்டமாகப் போனால்தான் வானம் தெரிகிறது. ஆகவே சபையோரே, என் அண்ணாவுக்காக உங்களிடம் மரம் கேட்கிறேன். வீட்டுக்கு ஒரு மரம். உங்கள் கூரையைத் திறக்கிற மரம் வேண்டாம், கிளைகள் நெருங்கி நிற்கிற இடத்தில் ஒன்றே ஒன்று தாருங்கள். வீரகத்தி மாமா, உங்கள் உழவு மெசினைத் தாருங்கள். மாடு உள்ளவர்கள் மாட்டைத் தாருங்கள். குற்றிகளை நாங்களே றோட்டுக்கு இழுத்து அடுக்கினால் ஹமீட் நானாவின் லொறி வரும். எங்கள் வீட்டிலும் ஒன்று விழட்டும், உங்கள் வீட்டிலும் ஒன்று விழட்டும், ஒரு வீடும் வெறுமையாக வேண்டாம். இன்று இங்கே நடக் கொண்டுவந்த கன்றுகளைப் பாடசாலை வேலியோரம் நட்டுவிட்டு மறக்காமல், மரம் விழுந்த இடங்களில் நடுவோம். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நான் விமானம் ஏறும் நாள் ஒன்று வந்தால், மேலேயிருந்து பார்க்கும்போது இந்த ஊர் எனக்குத் தெரியக் கூடாது. இலை மட்டும் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. கேட்கிறவர்களில் ஒருவர் வெளியே வாய் தவறினால், அண்ணா விமானத்துக்குப் போகமாட்டான், வேறு இடத்துக்குப் போவான். அது தெரிந்துதான் கேட்கிறேன். சொல்லாமல் இருந்தால் வாள் வரும். சொன்னால் யார் வருவார்களோ தெரியாது. நான் உங்களை நம்பவா, வேண்டாமா? இந்த ஊர் எங்களுக்கு மண் தந்தது. இப்போது தன் வாயை மூடியும் தரும் என்று நம்புகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண் கலங்கிய தாய்மாருக்கும், என்னைக் கீழே இறக்கிவிடாத தலைவர் அவர்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றியைத் தெரிவித்து

கதவைத் தட்டுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒருவரும் கதவைத் தட்டமாட்டார்கள். வேலிப் படலையில் நின்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பா எழும்பிவிட்டார். இரவில் காட்டுக்குள் படுக்கிற அண்ணா, மழை என்றபடியால் இன்றைக்கு வீட்டில்தான்