ஆறாவது பூட்டு

உக்காருங்க சித்தப்பா, கணினிய அப்புறம் கழட்டலாம். ஒண்ணு சொல்றேன், வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. இப்ப இல்ல, கடைசியில. அதுக்கு முன்னாடி கொஞ்சம் குமட்டும், பொறுத்துக்கணும்.

பேரிக்கா எடுத்துக்கோங்க. அம்மா அழுதுகிட்டே நறுக்குனாங்க, உப்புக் கரிச்சா என்னைத் திட்டாதீங்க. நேத்துலேர்ந்து என் முகத்தையே பாக்கல அவங்க.

நம்ம கொரியாவுல பேங்க் இணையப் பக்கத்தத் திறந்தா என்ன ஆகும்? வாடிக்கையாளரே, தங்கள் பாதுகாப்புக்காக இதை நிறுவவும்னு தேனா ஒழுகும். சரின்னு அமுக்குனா அடுத்தது. அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் அஞ்சு, எல்லாத்துக்கும் ஒரு பூட்டுப் படம். நாமளும் படிக்காமலே சரி, சரி, சரி. வேலை முடிஞ்சாலும் ஒண்ணும் போகாது. உண்ணி மாதிரி ஒட்டிக்கிட்டு உறிஞ்சும். ச்சீ!

அதனால இந்தக் கணினிக்குள்ளயே பொய்க் கணினி ஒண்ணு வச்சேன். நிஜமா ஓடுறது லினக்ஸ். அதுக்குள்ள ஒரு ஜன்னல்ல விண்டோஸ், அம்மாவோட பேங்க் வேலைக்கு மட்டும். கீழ மிச்சச் சோறு கொட்டுற தொட்டி இருக்குல்ல, அத யாராவது ஹால்ல வைப்பாங்களா? இதுவும் அப்படித்தான். திரை முழுக்க விரிச்சுவிட்டா, அதுதான் கணினின்னு யாரும் நம்பிடுவாங்க.

இல்ல, உங்களச் சொல்லல. சாப்பிடுங்க.

போன மாசம் அம்மாவோட பேங்க் சான்றிதழப் புதுப்பிச்சுத் தரேன்னு வந்து ஒரு மணி நேரம் இங்க உக்காந்தீங்க. நீங்க போனப்புறம் எண்ணிப் பாத்தா அஞ்சு இல்ல, ஆறு! ஆறாவதுக்கும் அதே பூட்டுப் படம். ஆனா அந்த விண்டோஸ்ல தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் யாருக்கோ அனுப்பிக்கிட்டிருக்கு. குளியலறைக் கதவு ஓட்டையில ஒரு கண்ணு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

வைரஸா? இருக்கும், இருக்கும். அழிச்சிருக்கலாம். அழிக்கல, தீனி போட்டேன். தினம் அந்த விண்டோஸ் ஜன்னலுக்குள்ள போய் டைரி எழுதினேன். பில்குவைப் பிரிஞ்சு இருக்க முடியல, பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஜெஜு தீவுக்கு ஓடி ரெண்டு பேரும் கறுப்புப் பன்னி வளக்கப்போறோம், அந்த நாத்தம்தான் எங்களுக்கு அத்தர். எழுதுறப்ப எனக்கே வாந்தி வந்துச்சு.

நேத்து அம்மாவுக்கு போன் பண்ணீங்கல்ல? அண்ணீ, மனசக் கல்லாக்கிக்கோங்க, போமி ஓடப்போறா, ஜெஜுவுல பன்னி மேய்க்கப் போறாளாம், பய பேரு பில்கு, எல்லாத்துக்கும் அந்தக் கணினிதான் காரணம், நான் வந்து தூக்கிட்டுப் போயிடறேன். எப்படி, மூக்கால பேசுறது சரியா வந்துச்சா?

பில்கு யாரா? நாலாம் மாடி நாய் சித்தப்பா. பதிமூணு வயசு, காது கேக்காது, பல்லும் இல்ல.

ஏன் சிரிக்கல? இதான் நான் சொன்ன இடம்.

பன்னிக் கதைய நான் யார்கிட்டயும் மூச்சு விடல. எழுதுனது அந்த ஒரு ஜன்னல்ல மட்டும்தான்.

ஆங்... இப்ப முகம் மாறுது. முள்கரண்டியக் கீழ வைங்க.

அம்மா, கதவுக்குப் பின்னாடி நின்னது போதும், உள்ள வாங்க. சித்தப்பாவுக்குப் புரிஞ்சிடுச்சு.