அஞ்சு எழுத்து

கேட்டியா கண்ணு, பொன்னேரில எறங்கனானுங்களே ரெண்டு கோட்டுக்காரப் பசங்க, இன்னா சொல்லிக்கினு போனானுங்கனு? பி.ஜி.எல்.லா, அத்த வெச்சிக்கினு கோர்ட்டு வாசல்ல வேர்க்கடல விக்கலாம்டானு. சிரிச்சிக்கினே எறங்கறானுங்க. நெசமாம்மா? நீ மடியில வெச்சிக்கினு கீறது சட்ட புக்கு தான? அதான் கேக்கறேன்.

இல்ல இல்ல, எனக்குத் தெரியும். உன் வாயால ஒருதரம் கேக்கலாம்னு.

நான் கும்முடிப்பூண்டி. மேரினு பேரு. பையன் சாலமோன். இப்படி நவுந்து ஒக்காரு, மேல வெயிலடிக்குது. அவன் பி.ஏ. முடிச்சிட்டு ஐகோர்ட்டாண்ட கீற உங்க காலேஜ்ல தான் சட்டம் படிச்சான். இதே ரயிலு வண்டி தான். ரெண்டு வருசம் முடிஞ்சதும் பி.ஜி.எல்.னு பட்டம் குடுத்தாங்க. இன்னும் ஒரு வருசம் படிச்சா பி.எல்.லாம், அப்பறம் தான் கருப்பு கவுனு மாட்டிக்கினு பேசலாமாம். முன்னல்லாம் ரெண்டே வருசத்துல வக்கீல் ஆயிட்டாங்களாமே? அதுக்கும் முன்னால பட்டமே இல்லாம, பரீட்ச எழுதியே பிளீடர் ஆனவங்க கூட கீறாங்களாம். சாலமோன் சொல்வான், நாம வர்ற நேரத்துக்குத் தாம்மா வாசப்படி ஒசந்துக்கினே போவுதுனு.

மூணாவது வருசம் ஏன் படிக்கலியா? ஊட்ல போதும்னுட்டாங்க. யாரா? ஊட்ல தாம்மா.

கம்பெனி தொறந்தாங்க, டைம் கீப்பர் வேல கெடச்சிது. ஊட்டு வாசல்ல தகர போர்டு மாட்டனோம். நீலத்துல வெள்ள எழுத்து, சாலமோன் பி.ஏ., பி.ஜி.எல்.னு. எங்க காலனில அதுக்கு முன்னால போர்டு மாட்டன ஊடு ஏது?

அடுத்த வருசமே நெலத்துக்காரர் கேஸ் போட்டாரு. எடம் கம்பெனிக்குப் போவுது, இருவத்திரெண்டு ஊட்டயும் காலி பண்ணுனு. பக்கத்தூட்டு செண்பகம் வக்கீல் பாக்கலாம்னு கெளம்புனா. நான்தான், அடி போடி, ஊருக்குள்ளயே வக்கீல வெச்சிக்கினு பேஜாரு படறியேனேன். சாலமோன் தலதலயா அடிச்சிக்கினான், என்னால நிக்க முடியாதும்மா, வேற ஆள வைங்கனு. கூச்சப்படறான்னு நெனச்சிக்கினோம்.

வாய்தா அன்னிக்கி அத்தினி பேரும் சோத்து மூட்டையோட போனோம். எதிர்ல வக்கீல் வீரராகவன். பேரக் கூப்பிட்டதும் நாங்களே இவன் முதுகப் புடிச்சித் தள்ளிட்டோம். எழுந்து நின்னான். வக்கீலா பதிஞ்சிக்கினு கீறியாப்பானு ஜட்ஜய்யா கேட்டாரு. இல்லனு தலையாட்டனான். நல்ல மனுசன் அவரு. எங்கூடு சாலமோன் பேர்ல கீது. உன் ஊட்டுக்கு மட்டும் நீ பேசலாம், மத்தவங்களுக்குப் பேச முடியாதுனாரு. இவன் திரும்பி எங்க எல்லாரயும் ஒரு தரம் பார்த்தான். பேசாம ஒக்காந்துட்டான்.

இப்ப ஏரிக்கரையில கீறோம், இருவத்திரெண்டு குடிசயும். ஒருத்தரும் அவன ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல. கம்பெனி வேலய உட்டுட்டு, அதே வீரராகவன்கிட்ட கேஸ் கட்டு தூக்கறான்.

இதுவா? அவன் சர்ட்டிபிகேட்டு. பொட்டில இருந்து எடுத்தாந்தேன். அந்த ஒரு வருசத்த இப்ப படிக்க உடுவாங்களானு காலேஜ்ல கேக்கத்தான் போறேன். உடுவாங்களா? அப்படியா? ஓ, அவனே வந்து கையெழுத்து போடணுமா.

வரமாட்டாம்மா.

வீரராகவன் போர்டுல நாலு எழுத்து, கண்ணு. பி.ஏ., பி.எல். நான் வெரல வெச்சி எண்ணனேன். எம் புள்ளைக்கு அஞ்சு. அவரவிட ஒண்ணு ஜாஸ்தியே வாங்கிட்ட, இன்னும் இன்னாத்துக்குடா ஒரு வருசம்னு கேட்டவ நான்தான். எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒரே வருசம்மானு கெஞ்சனான்.

நேத்து தான் சொன்னேன், காலேஜ்ல போய் கேட்டுட்டு வரேண்டானு. பழைய பிளேடு ஒண்ணு எடுத்தாந்து, போர்ட எறக்கி, பேர உட்டுட்டு அந்த அஞ்சு எழுத்தயும் ஒண்ணொண்ணா சொரண்டனான். தூள ஊதிட்டு, திரும்ப ஆணில மாட்டிட்டு, வேலைக்குப் போய்ட்டான்.