முகைதீன் பாயின் குளிர்ப்பெட்டி

தே ஓ கோசோங் ஆறிப்போனா வாயில வைக்க முடியாது சார். நீங்க குடிங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். சர்க்கரையில்லாத டீயை எனக்குப் பழக்கிவிட்டதே முகைதீன் பாய்தான்.

நான் அருளானந்தம், எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில ரிப்பேர் வேலை. கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டு மாடியில பலகை அடிச்ச ரூம் எனக்கு. பக்கத்து ரூம் பாய்க்கு. அவர் ஜவுளிக்கடையில துணி கிழிச்சுக் குடுக்கறவர். எனக்குக் கல்யாணம் அமையல. மாதா கோயில்ல பூசை முடிஞ்சா தலையாட்ட ஆள் உண்டு சார், ரூமுக்கு வந்து உட்கார ஆள் கிடையாது.

பாய்க்கு இன்சுலின் ஊசி. வீட்டுக்காரர் கரண்டு பில்லுக்குப் பயந்து ஐஸ்பெட்டி வைக்க விடமாட்டார். பாவம், மருந்துச் சீசாவை ஈரத்துணியில சுத்தி வாளித்தண்ணியில மிதக்க விட்டிருந்தார். எனக்கு மனசு கேக்கல.

எம்.ஆர்.டி. ரயிலுக்கு ரோடு தோண்ட ஆரம்பிச்ச வருஷம் அது. சுங்கை ரோடு சந்தையில, பழைய சாமான் குவியல்ல, பிஸ்கட் அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு கிடைச்சுது. கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். மீனை ஐஸ் போட்டு வைக்கிற ஸ்டைரோஃபோம் பெட்டியில ஓட்டை போட்டு, குளிர்ற பக்கம் உள்ளே, சுடுற பக்கம் வெளியேன்னு பொருத்தி, அலுமினியத் துண்டும் சின்னக் காத்தாடியும் மாட்டினேன். பாய் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "அடேயப்பா! அல்லா உங்களுக்கு மூளையை அள்ளிக் குடுத்திருக்கான்லா, அருள்"ன்னார். அன்னைக்கு எனக்குச் சோறே தேவைப்படல.

பெட்டி என் ரூம்ல. அதனால காலையிலும் சாயந்தரமும் அவர் வந்தாகணும். ஊசி, டீ, கொஞ்சம் பேச்சு. என் கிறிஸ்துமஸ் கேக்கை மோந்து மட்டும் பார்ப்பார். மனுஷனுக்கு வேற என்ன வேணும்?

அவர் அக்கா மகன் சாகுல் ஹமீதுக்கு வடக்குக் கோடியில, மார்சிலிங்ல வீடு கிடைச்சுது. "பெரிய ஐஸ்பெட்டி வாங்கியிருக்கான்லா, மாமா வந்தே ஆகணும்ங்கறான். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல"ன்னு பாய் சிரிச்சார். நானும் சிரிச்சேன். தொந்தரவாம்.

அந்தத் தகட்டுல ஒரு சங்கதி உண்டு சார். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாத்திக் குடுத்தா, குளிர்ற பக்கம் சுடும். பெட்டி அடுப்பாயிடும். பாய் போடுறது பால் கலர் மருந்து, கெட்டாலும் பார்வைக்குத் தெரியாது. அவர் வர்றதுக்கு முன்னாடி கோப்பிக்கடை ஐஸ்ல சீசாவைப் புதைச்சு, நானே கையில எடுத்துக் குடுப்பேன். ஜில்லுனு இருந்தா யாருக்குச் சந்தேகம் வரும்?

கொஞ்சம் முடியாமப் போனா பயணம் தள்ளிப்போகும்னு நினைச்சேன். தள்ளிப்போச்சு. தாகம் தாகம்னு தண்ணியாக் குடிச்சார், துரும்பா இளைச்சார். சாகுல் டாக்டர்கிட்ட கூப்பிட்டான். "ஊசிதான் ஒழுங்காப் போடுறேனே, சரியாயிடும்"னு பாயே மறுத்தார். நானும் ஆமான்னேன். என் கட்டில்லயே படுக்க வச்சு, கால் அமுக்கி, ஊசியும் நானே போட்டுவிட்டேன். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது அருள்"னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு வாய்ச்சதில்ல.

ஒருநாள் காலையில எழுப்பினேன், எழுந்திருக்கல. தகவல் கேட்டு ஓடிவந்த சாகுல், ஆஸ்பத்திரியில காட்ட மருந்து எடுக்கணும்னு பெட்டிக்குள்ள கைவிட்டான், வெடுக்குனு இழுத்தான். "என்ன அங்கிள், சுடுது?"ன்னான். பாய் அன்னைக்கே மௌத்தாயிட்டார். வேலியே பயிரை மேய்ஞ்சிடுச்சேன்னு அந்தப் பையன் கத்தினது நியாயமில்ல சார். பாய் மேல எனக்கு இருந்த பிரியம் அவனுக்கு எங்கே தெரியும்?

கைதவறி வயர் மாறிடுச்சுன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க. பொய் எனக்கு வராது. நான்தான் மாத்தினேன். ஒவ்வொரு ஊசியும் தெரிஞ்சே போட்டேன். முன்னப்பின்ன தெரியாத இடத்துல போய் அவர் தனியாத் தவிக்கக்கூடாது பாருங்க.

அடக்கத்துக்குப் போயிட்டு வந்ததும் வயரைச் சரிபண்ணிட்டேன். பெட்டி இப்ப நல்லாக் குளிருது. உங்களுக்கும் சர்க்கரை, மாத்திரைதான் போடுறேன்னு சொன்னீங்க. என்னைக்காவது ஊசிக்கு மாறினா மருந்தை என்கிட்டயே வச்சுக்கலாம் சார். காலையும் சாயந்தரமும் வந்து போகணும், அவ்வளவுதான்.