கழிப்பறைக் கதவுகள் உறுதியானவை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்தத் தாளைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். "எல்லாத்தையும் உங்க கையாலேயே எழுதிக் குடுங்க" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமே இல்லை. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல பேனாவாக ஒன்று கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில், புகார்ப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் புகார் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. அனுபவப் பகிர்வு என்போம். மெஷின், அறை முழுக்க நடந்து வாசல் வரைக்கும் போய்விடுகிறது என்று ஒருவர் எழுதினால், 'இயந்திரம் துடிப்பாக இயங்குகிறது' என்று மேலே அனுப்புவேன். சட்டையைக் கிழித்துவிட்டது என்றால், 'அழுக்குக்கு இடம் கொடுப்பதில்லை'. இதில் பொய் ஒன்றும் கிடையாது. சுருதியை இறக்குகிறோம். என் மனைவிக்கு இது பிடிக்காது. "உங்ககிட்ட தலைவலின்னு சொன்னா, தலை இருக்குன்னு எழுதிக்குவீங்க" என்பாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

எங்கள் குடியிருப்பு நகரத்தின் ஓரத்தில், பேருந்து திரும்பிப் போகிற இடத்தில் இருக்கிறது. அங்கேதான் அந்த அரசுத் தொடக்கப் பள்ளி. இரண்டு மாடி, மஞ்சள் சுண்ணாம்பு, முன்னால் கொடிக்கம்பம், பின்மதிலை ஒட்டிக் கழிப்பறை. என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. ஒழுங்கான பெண். காலையில் நிரப்பிக்கொண்டு போகிற தண்ணீர்ப் புட்டியைச் சாயங்காலம் அப்படியே மூடி திறக்காமல் கொண்டுவந்து வைப்பாள். மற்ற பிள்ளைகளைப் போல ஒழுகவிட்டுப் புத்தகத்தை நனைக்கிற வேலை கிடையாது.

பருவத்துக்கு ஒரு முறை பெற்றோர்கள் கருத்துப் படிவம் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்கு நாற்பது பேர் கையெழுத்தையும் படிக்கப் பொறுமை இல்லை என்பதால், எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் சுத்தப் பிரதி எடுத்துவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். படிவங்கள் பழைய காகிதத்தோடு போய்விடும், பதிவேடுதான் சாட்சி. என் கையெழுத்தைப் பார்த்த தலைமையாசிரியர், "சார், இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார். நான் பெற்றோர் சங்கச் செயலாளர் ஆனது அப்படித்தான். தேர்தல் எல்லாம் இல்லை. வேறு யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கிற இரண்டு பேர் ஒரே பள்ளியைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை தெய்வம் என்று மருந்துக் கடைக்காரர் எழுதியிருந்தார். அதே அம்மையார் பாட நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறார், இதுவரை ஒன்றரைக் கை முடிந்திருக்கிறது என்று லாரி ஓட்டுநர் எழுதியிருந்தார். நான் யாரையும் விட்டுவிடவில்லை. 'ஆசிரியை தெய்வம், கைவேலையிலும் தேர்ந்தவர்' என்று எழுதினேன். காவலாளி வேலை இரண்டு வருடமாகக் காலி, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வருகிறார்கள் என்று ஒருவர் குறைப்பட்டார். 'பள்ளி அனைவரையும் வேறுபாடின்றி வரவேற்கிறது.' தலைமையாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற தையல்காரம்மாவின் படிவம் முதல் பருவத்திலேயே வந்தது. மறைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மெஷின் போட்டுத் தைக்கிறவர். அவர் பெண் இரண்டாம் வகுப்பு. எழுத்து கோணல், விஷயம் நேராக இருந்தது: 'பெண் பிள்ளைகள் கழிப்பறையில் முதல் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டாவதில் தண்ணீர் இல்லை. மூன்றாவதில் தாழ்ப்பாள் போட்டால் கொண்டி உள்ளே விழுந்துவிடுகிறது, உள்ளேயிருந்து திறக்க முடியாது. என் மகள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள். யாரும் தேடவில்லை.'

நான் எழுதியது: 'கழிப்பறைக் கதவுகள் உறுதியானவை. மாணவிகளின் தனிமை முழுமையாகக் காக்கப்படுகிறது.'

இரண்டாம் பருவத்தில் அதையே எழுதி, 'போன தடவையே எழுதினேன்' என்று அடியில் கோடு போட்டிருந்தார். 'பெற்றோர்கள் பள்ளியோடு தொடர்ந்த உறவு வைத்திருக்கிறார்கள்' என்று எழுதினேன். மூன்றாம் முறை அவர் படிவம் எழுதவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு நேரே என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், நான் எழுதினதெல்லாம் என்ன ஆச்சு?"

"மேல போயிருக்கும்மா."

"போயி ரெண்டு பருவம் ஆச்சே. மேல போனது இன்னும் இறங்கி வரலியா?"

"வரும்மா. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கில்ல?"

"ஒரு கொண்டி சார். ரெண்டு திருகாணி. உங்க வீட்டுல ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடுங்க, நானே போயி கழட்டிப் போட்டுட்டு வரேன்."

"அரசாங்கச் சொத்தும்மா அது. நாம கை வைக்கக் கூடாது."

"அப்ப உள்ள மாட்டிக்கிற புள்ளைங்க யாரு சொத்து?"

பேசத் தெரிந்தவர். ஆனால் குரலை உயர்த்தினார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம். மறுநாளே தலைமையாசிரியரிடம் அந்தக் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார். "பதிவேட்டுல குறைன்னு இருந்தாத்தான் சார் மராமத்துக்கு எழுத முடியும். இங்க பாருங்க, கதவுகள் உறுதியானவைன்னு இருக்கு. உறுதியான கதவ ரிப்பேர் பண்ணணும்னு நான் எப்படி எழுதறது? என்னத்தான் கேள்வி கேப்பாங்க." சொன்னது நியாயம். என் எழுத்துக்கு எதிராக என்னாலேயே ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்படி எழுதியிருந்தேன்.

அந்தப் பதிவேட்டைப் படித்துத்தான் வட்டாரத்தின் 'முன்மாதிரிப் பள்ளி' என்று எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் வயிறெரிந்தார்கள். சனிக்கிழமை காலை அதிகாரிகள் வந்து வாசலில் பித்தளைப் பலகை திறந்துவைப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இரண்டரை மணிக்கே அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர்களும் போய்விட்டார்கள். சாவி என்னிடம். நான் தோரணம் கட்டி, ஒலிபெருக்கியைச் சோதித்து, பலகைக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குத் தையல்காரம்மா ஓடிவந்தார். நாடா இன்னும் கழுத்தில்தான் இருந்தது.

"சார், பாப்பா இன்னும் வரல."

"எல்லாரும் அப்பவே போயாச்சேம்மா."

"நான் அந்த மூணாவது கதவ மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

கழுவித் துடைத்து, நடைபாதை முழுக்கக் கோலப்பொடி போல வெள்ளை மாவுக் கோடு இழுத்து வைத்திருந்தேன், அதிகாரிகள் நடப்பதற்கு. அவரை உள்ளே விடாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, கதவை உடைக்க வேண்டிவந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் பேச்சு வரும், காலையில் பலகை.

"பாத்தாச்சும்மா" என்றேன்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொண்டதைக் கவனித்தேன். அன்று காலை ஒன்பது மணிக்குக் கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். பார்த்தது பார்த்ததுதானே.

அந்தம்மா நம்பினார். அவருக்கு நான் எழுதத் தெரிந்தவன். பேருந்து நிலையம், கால்வாய், ரயில் பாதை என்று ஊரே தேடியது. நானும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 'காணவில்லை' அறிவிப்பை நான்தான் எழுதினேன்: வயது ஏழு, நீலச் சீருடை, இரட்டைச் சடை, இடது முன்பல் இல்லை. நகலெடுத்து எல்லாக் கம்பத்திலும் ஒட்டினார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று மருந்துக் கடைக்காரர் அந்த நேரத்திலும் சொன்னார். பள்ளிக்குள் தேடலாமா என்று உங்கள் காவலர் ஒருவர் கேட்டார். "செயலாளர் சார் பாத்துட்டாராம்" என்று தையல்காரம்மாவே அவருக்குப் பதில் சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திரையை விலக்கினார்கள். பலகை நன்றாக இருந்தது. பேச்சு நீண்டது. நீண்ட பேச்சின் நடுவில் பெண் அதிகாரி ஒருவர் எழுந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். முதல் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டாவதில் தண்ணீர் இல்லை. ஆகவே மூன்றாவது.

குழந்தை உயிரோடு இருந்தாள். இதை எல்லோரும் ஏதோ கடைசி வரியில் சொல்ல வேண்டிய விஷயம் போலச் சொல்கிறார்கள். முதலில் சொல்லியிருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். செருப்பால் கதவைத் தட்டித் தட்டி ஒரு செருப்பின் குதி பிய்ந்துபோயிருந்தது. இன்னும் பேசவில்லை என்கிறார்கள். தையல்காரம்மா வீட்டில் எல்லாக் கதவையும் கழற்றிவிட்டு, தானே தைத்த திரைகளைப் போட்டிருக்கிறாராம். அங்கே அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை யாரும் பிடுங்கவில்லை. என் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போனவள், இன்னும் வீடு திரும்பவில்லை.

போவதற்கு முன்னால் உங்களிடம் தண்ணீர்ப் புட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் போலிருக்கிறது. அந்தக் கதவில் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவே இல்லை என்றேன்; "அப்படின்னா உங்க பொண்ண ஏன் ஸ்கூல்ல தண்ணி குடிக்காதேன்னு சொன்னீங்க? அதுவும் முதல் படிவம் வந்த அன்னிக்கே?" என்று நீங்கள் கேட்டீர்கள். சொன்னேன். 'வீட்டுக்கு வந்து குடி, அங்க எதுக்கும் போகாதே' என்றேன். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு ஒழுங்கு சொல்லித் தருவதற்கும் பதிவேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசியாக, சத்தம். வெள்ளிக்கிழமை அந்தம்மா போன பிறகு கேட்டது. பழைய கட்டடம், குழாயில் காற்று அடைத்தால் தட்டும் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மூன்று முறை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று முறை. குழாய் எண்ணித் தட்டுவதில்லை என்பது பதினான்கு வருடம் இயந்திரங்களின் சத்தத்தைப் படித்தவனுக்குத் தெரியும். ஒலிபெருக்கியைச் சோதிக்க வேண்டியிருந்தது. முழுச் சத்தத்தில் வைத்தேன். வேலை முடிந்ததும் அணைத்தேன். இன்னும் தட்டியது. வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவ்வளவுதான் ஐயா. அவசரத்தில் எழுதியதால் அங்கங்கே அடித்தல் திருத்தல் இருக்கிறது. மேலே அனுப்புவதற்கு இது அழகல்ல. அனுமதித்தால் இன்றைக்கே சுத்தப் பிரதி எடுத்துத் தந்துவிடுகிறேன். எதையும் விட மாட்டேன். அந்தத் தட்டும் சத்தம் பற்றிய பத்தி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. 'விழாவுக்கு முந்தைய மாலை, பள்ளி வளாகம் உயிர்ப்போடு இருந்தது' என்று ஒரு வரி போதும்.