சிப்பியின் சாவி

“ஹலோ… ஆமா, பெவின்தான்… கேக்கு, கேக்கு. இரு, லாரி போகுது.”

துறைமுகச் சாலையில் நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்று தடதடத்துக் கடந்தது. பெவின் கிடங்கு அலுவலகத்தின் பின்வாசலுக்கு வந்து, பாதி தின்ற சாப்பாட்டு டப்பாவை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்தான். சென்னையிலிருந்து கிளைட்டன் கூப்பிட்டால் விஷயம் ஒன்றுதான். மூன்று மாதமாக அதே ஒன்று.

“சொல்லு… இல்லலே, கிடைக்கல… தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்… ஆமா. ஆமா… பீரோ பாத்தாச்சு… அதையும் பாத்தாச்சு.”

தேடுவதாகச் சொன்னது ஒரு பென்டிரைவை. கல்லூரி முடித்த கையோடு பெவினும் ஜெஸ்லினும் கிளைட்டனும் சேர்ந்து ‘சிப்பி’யைச் செய்தார்கள், போனில் புத்தகம் படிக்க ஒரு செயலி. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதன் நிரல்கூட யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே கிடந்தது. பூட்டிவைத்தது ஒன்றே ஒன்று. புதிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தும் சாவி. முத்திரை மாறினால் போன் பழையதன்மேல் புதியதை ஏற்காது. அந்தச் சாவி, ஒரு சின்னக் கோப்பு, ஜெஸ்லினிடம் அந்தப் பென்டிரைவில் இருந்தது. செயலி வந்த மறுவருடம் அவள் பெவினுக்கு மனைவியானாள். அவள் இறந்து ஐந்து மாதம்.

“எத்தனை மெயிலு?… நானூறா?… ம். புது ஆண்ட்ராய்டு ஏறினா சிப்பி திறக்கவே மாட்டேங்கு, அதான?… இங்கயும் அப்படித்தான். இழுவைப் படகுல இருக்க செல்வதுரை அண்ணாச்சி நேத்து ஆபீசுக்கே வந்துட்டாரு. ‘ஏலே, நான் கப்பலையே இழுக்கேன், ஒன் புஸ்தகத்த ஒரு பக்கம் இழுக்க முடியலயே’ங்காரு… சிரிக்காதலே. நாலு வருஷமா ஓரத்துல எழுதுன குறிப்பு பூரா அதுலதான் கிடக்கு அவருக்கு.”

“திருத்தம் எழுதிட்டேன். ரெண்டே வரி. போன மாசமே முடிஞ்சிட்டு… முத்திரை இல்லாம அனுப்பி என்ன செய்ய?… பழச அழிச்சிட்டுப் புதுசு போடச் சொல்லலாம். அழிச்சா குறிப்பும் சேந்து போயிரும்லா… சர்வர்ல ஏன் வைக்கலன்னு இப்போ கேக்க? நீயும்தான கூட இருந்த? யாரு என்ன படிக்கான்னு நமக்குத் தெரியவே கூடாதுன்னு அவ சொன்னா, நாம தலையாட்டினோம்… எக்ஸ்போர்ட் பட்டனா, குறிப்ப வெளிய எடுக்க? அவ வரைஞ்சு குடுத்துட்டா. கப்பல்ல வேலை பாக்கவங்க மேல் படுக்கைல படுத்துக்கிட்டு ஒத்தக் கையாலதான் பிடிச்சிருப்பாங்க, கட்டைவிரலு எட்டுற இடத்துல வைக்கணும்னு சொன்னா… நான்தான் எழுதல. அடுத்த வெர்ஷன்ல பாப்போம்னேன்… ம்… விடு.”

“லேப்டாப்பு அவ கம்பெனிது. திருப்பி வாங்கித் துடைச்சிட்டானுவ… இல்ல, வேற காப்பி கிடையாது… சனிக்கிழமை வாரியா? எதுக்கு?… வீட்டப் புரட்டவா?… வேண்டாம்… வேண்டாம்னு சொல்லுதேன்லா… ஏலே, வராத. வீட்ல இல்ல அது… எனக்குத் தெரியும்.”

குரலை அவன் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. இறங்கிய சரக்கின் பட்டியலை வாசிக்கிற அதே குரல்.

“பெட்டிக்குள்ள இருக்கு… எந்தப் பெட்டியா? அவள வச்ச பெட்டி… செபமாலைப் பைக்குள்ள போட்டு வச்சிருந்தா. அவ அம்மா, பிரேமா அத்தை தச்சுக் குடுத்த சிவப்புப் பை. அது எங்க போனாலும் கூடவே வரும், தொலையாதுன்னு… பெட்டி மூடுற நேரம் அத்தை, ‘செபமாலைய அவ கையில சுத்துங்க மாப்ள, பையத் தலமாட்டுல வைங்க’ன்னாங்க. சுத்தினேன். வச்சேன்… இல்ல, உள்ள கை விட்டுப் பாக்கல. மேல கிடந்த மாலைய மட்டும் உருவினேன்… ஆமா. என் கையாலதான்.”

“முப்பதாம் நாள் பூசைல அத்தை அந்தப் பையப் பத்திப் பேசும்போதுதான் உறைச்சுது… ஆமா, நீ கேக்க ஆரம்பிக்கும்போதே தெரியும். மூணு மாசமா உன்கிட்ட பொய்தான் சொல்லுதேன்… திட்டு… திட்டிரு, சும்மா இருக்காத.”

கிளைட்டன் திட்டவில்லை. மெதுவாக ஏதோ கேட்டான்.

“ஃபாதர்கிட்டயா? போனேன்… கோயில்ல பங்கு ஆபீசுக்கே போனேன், கல்லறையத் திறக்க முடியுமான்னு கேக்கத்தான். ‘வா பெவின், ஜெஸ்லின் பேருக்கு ஒரு பூசை எழுதவா?’ன்னாரு. எழுதுங்கன்னுட்டு வந்துட்டேன்… ஏன்னா, திறந்தா அவளப் பாக்கணும்லே.”

போனில் சென்னைப் பேருந்து ஒன்றின் ஹாரன் கேட்டது.

“இருக்கியா?… ம். அறிவிப்பு போட்டுருவோம். புத்தகப் பட்டியல் நெட்ல இருந்துதான வருது, அதுல முதல் புத்தகமா ஏத்து. ஒரு பக்கம் போதும்… எழுதிக்கோ. ‘போனை அப்டேட் செய்யாதீர்கள். செய்தே ஆகவேண்டுமென்றால், அதற்கு முன் உங்கள் குறிப்புகளைக் கையால் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.’… என்னது? சாவி தொலைஞ்சிட்டுன்னா? அப்படிப் போடாத… தொலையல. எடுக்க முடியலன்னு போடு… காரணம்லாம் வேண்டாம்… கடல்ல இருக்கவன் எங்க பாப்பான்? கரைக்கு வந்து சிக்னல் கிடைச்சா முதல்ல இறங்குறதே அப்டேட்டாதான் இருக்கும்… தெரியும். அவனுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது.”

டப்பாவின் மூடியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. பெவின் விரட்டவில்லை.

“அவ போனா?… வீட்ல இருக்கு… ஆமா, அதுலயும் சிப்பிதான்… குறிப்பு இருக்கும். எந்தப் புஸ்தகம் படிச்சாலும் எழுதுவா. என்னயத் திட்டியும் எழுதுவேன்னு சொல்லியிருக்கா… இல்ல, படிக்கல. திறக்கல… திறப்பேன், பொறவு… ஓடுது, நல்லாத்தான் ஓடுது. அணையக் கூடாதுன்னு அஞ்சு மாசமா சார்ஜ்லயே போட்டு வச்சிருக்கேன்… வைஃபையா? அதுவும் ஆன்லதான்… ஒரு வாரமா அப்டேட் கேட்டுக்கிட்டே கிடக்கு. காலையில ‘பிறகு’ன்னு அமுக்கிட்டு வந்துருவேன்… இன்னைக்கா? இன்னைக்கு அமுக்கல, அஞ்சு மணி ஷிஃப்ட்டு… ஏன்?… எது?… தானாவா?… ஏலே, நம்மட்ட கேக்காமலா ஏத்தும்?… சார்ஜ்ல கிடந்தாலா?…”

“எவ்வளவு நேரம் ஆகும்?… கிளைட்டா, ஏறி முடிக்க எவ்வளவு நேரம்லே ஆகும்?… வை. போனை வை.”